தட்டுகள் நடந்து போன சனிக்கிழமை

க்ளெனிஸ் ஹார்க்கின் இரண்டு விஷயங்களிடமிருந்து தப்பித்து ஓடப் பார்த்தாள். ஒன்று மாடு. இன்னொன்று பாத்திரம் கழுவுவது. இரண்டும் அவளைத் துரத்திப் பிடித்துவிட்டன.

மாட்டுக் கதை சின்னதுதான். மெரின்டா என்ற சின்ன ஊருக்கு மேற்கே மேட்டுப் பண்ணையில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். விடியுமுன் ஒரு கறவை, மூன்று மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் கறவை. கிறிஸ்துமஸ் என்றாலும் விடுமுறை கிடையாது. அக்கா கல்யாணத்தில் பாதிரியார் பேச்சை முடிக்காமல் இழுக்க, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இருமிய இருமலில் மனிதர் பயந்துபோய் பாதியிலேயே ஆமென் சொல்லிவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, இனிமேல் மடியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, க்ளெனிஸ் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே டீசல் போட வந்த நெவிலைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். நெவில் ஓட்டியது பால் லாரி.

பாத்திரம் விஷயத்தில் அவள் கொஞ்சம் உஷார். சமையல் எனக்கு, கழுவுவது உனக்கு என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டாள். முப்பது வருஷமாக அந்த ஒப்பந்தம் மீறப்படவில்லை. இப்படிப்பட்டவள்தான் பிற்காலத்தில் மெரின்டாவிலேயே அதிகம் தட்டு கழுவியவள் என்ற பெயரை வாங்கினாள்.

அதற்குக் காரணம் அவள் வீட்டு வேலி.

அவள் வீட்டுக்குப் பின்னால்தான் கண்காட்சி மைதானம். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஊர்க் கண்காட்சி நடக்கும். மாட்டுப் போட்டி, மரம் வெட்டும் போட்டி, கேக் போட்டி, பெரிய பூசணிக்காய்ப் போட்டி எல்லாம் உண்டு. திங்கட்கிழமை காலையில் தெற்கிலிருந்து காற்று வீசும். தெர்மாகோல் தட்டும் கோப்பையும் உருண்டு வந்து க்ளெனிஸ் வேலியில் மாட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி முழுக்க வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருக்கும். கிட்டப் போனால் தக்காளி சாஸ் வாடை அடிக்கும். வருஷா வருஷம் பொறுக்கினாள். ஒரு வருஷம், பொறுக்கிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனாள். அங்கேதான் செவ்வாய்க்கிழமைகளில் "குப்பைக் கூட்டம்" கூடும்.

அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் வேறு, நீளமானது. ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். துணிப்பை தைத்துக் கடைகளில் தொங்கவிட்டார்கள். உபரிக் காய்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். பிப்ரவரியில் எல்லார் தோட்டத்திலும் சுக்கினி என்ற சுரைக்காய் மாதிரிக் காய் காய்த்துத் தள்ளும்போது மட்டும் அந்தப் பரிமாற்றம் தகராறில் முடியும், ஏனென்றால் எல்லாருமே சுக்கினியைக் கொடுக்கத்தான் வருவார்கள்.

கூட்டத்தைச் சேர்த்து நடத்தியவள் வெர்னா. க்ளெனிஸோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மூட்டையைப் பார்த்ததும் அவள் கேட்டாள்.

"என்னடி, எங்களுக்குப் பரிசா?"

"ஆமா. பிரிச்சுப் பாரு. சாஸ் இன்னும் காயலை."

அன்றே சேர்ந்துவிட்டாள். க்ளெனிஸுக்குப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்க வராது. முதல் வேலையாகப் பெட்ரோல் பங்கின் காப்பி மெஷின் பக்கத்தில் ஒரு பலகையை அறைந்து கொக்கிகள் மாட்டினாள். லாரிக்காரர்கள் தங்கள் கோப்பையைக் கொண்டு வந்து அங்கே மாட்டிவிட்டுப் போகலாம், அடுத்த முறை அதிலேயே காப்பி. முதலாளி முகத்தைச் சுளித்தார். ஒரு மாதத்தில் கொக்கி போதவில்லை. "உன் கோப்பை எந்தக் கொக்கி?" என்பது ஊரில் ஒரு கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. மண்புழு வளர்க்கும் பெட்டி மட்டும் அவளுக்குச் சரிவரவில்லை. வெங்காயத் தோலும் எலுமிச்சைத் தோலுமாகக் கொட்டி எல்லாப் புழுக்களையும் ஓட ஓட விரட்டிவிட்டாள்.

தெர்மாகோலுக்குப் பதிலாகத் தட்டு கழுவும் வண்டி என்பது அவளுடைய யோசனைதான். பழைய குதிரை வண்டி ஒன்று, அதாவது காருக்குப் பின்னால் மாட்டிக் குதிரையை ஏற்றிப்போகும் ட்ரெய்லர், ஒரு பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பள்ளியில் இடித்த கட்டடத்திலிருந்து மூன்று நீளத் தொட்டிகள் வந்தன. ஓய்வுபெற்ற குழாய்க்காரர் பேசில் அவற்றைப் பொருத்தினார். ஒவ்வொரு திருகைத் திருகும்போதும், "இது ஒழுகும், நான் இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று நெவில் சொல்வான்.

தட்டுகள் ஊரின் அலமாரிகளிலிருந்து வந்தன. மூடிப்போன விடுதியிலிருந்து ஓரத்தில் பச்சைக்கோடு போட்டவை, பழைய சாமான் கடையிலிருந்து ரோஜாப்பூ போட்டவை, யாரோ விவாகரத்தில் கோபமாகக் கொண்டு வந்து இறக்கிய முழுத் தொகுதி ஒன்று. ஒன்றுக்கொன்று ஒட்டாது. முறை எளிது. சாப்பிட்டவர் மிச்சத்தைப் பன்றிகளுக்கான வாளியில் வழித்துப் போடவேண்டும். முதல் தொட்டியில் சோப்பு, இரண்டாவதில் சுடுநீர், மூன்றாவதில் அலசல். துணியால் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டுப் போகவேண்டும். அவரவர் தட்டை அவரவரே கழுவவேண்டும். மந்திரியே வந்தாலும் அப்படித்தான்.

பள்ளி விழாவிலும் தீயணைப்புப் படை விருந்திலும் வண்டி நன்றாக ஓடியது. ஆனால் கண்காட்சிதான் ஊருக்குத் தலை. கண்காட்சியில் நடப்பதைத்தான் கால்பந்துக் குழுவும் ஊர் மண்டபமும் பின்பற்றும். கண்காட்சித் தலைவர் மெர்வின் டால்சியல் லேசில் இறங்கிவரவில்லை. அவர் கெட்டவரல்ல. ஒரு வருஷம் மதியச் சாப்பாடு பத்தாமல் போய், அந்தப் பேச்சைப் பல வருஷம் கேட்டவர்.

"ஏம்மா க்ளெனிஸ், பசிச்ச கூட்டத்தை நீ பார்த்ததில்லை."

"பெட்ரோல் பங்குல கறி பஃப்ஸ் சூடாகலைன்னா என்ன நடக்கும்னு தெரியுமாப்பா உனக்கு? நான் பார்க்காத பசியா?"

"சரி. ஒரு தடவை செஞ்சு பாரு. தெர்மாகோல் பெட்டியெல்லாம் கொட்டகையில வச்சிருக்கேன். சோறு வாங்க ஆள் வந்து, தட்டு இல்லாம வரிசை நின்னுச்சுன்னா, பெட்டியைப் பிரிச்சிருவேன். அதுக்கப்புறம் இந்த மைதானத்துக்குள்ள உன் குதிரை வண்டி வரக்கூடாது."

"வரிசை நிக்காது."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் எல்லாம் கல்யாண வீடு மாதிரி நடந்தது. ஆட்டுக்கறி வறுவல், உருளைக்கிழங்கு சாலட், பீட்ரூட், தட்டு நிறைய. தொட்டிகளின் முன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சாப்பிட நிற்கும் வரிசையில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். கழுவ நிற்கும் வரிசையில் பேச்சு ஓயவில்லை. எல்லை வேலித் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு பண்ணைக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் கழுவ, வேறு வழியில்லாமல் மற்றவர் துடைத்தார்.

"ஓரத்துல சோப்பு இருக்கு பாரு," என்றார் துடைத்தவர்.

"நீதான் எப்பவும் ஓரத்தைப் பத்தியே பேசுவே," என்றார் கழுவியவர்.

அதைக் கேட்டு க்ளெனிஸ் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டகையில் ஒரு கன்று மிரண்டது. அவள் சிரிப்பு அப்படி.

மூன்று மணிக்குக் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. மூச்சு விடலாம் என்று அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அடுக்கில் பாதிக்கு மேல் காலி.

தொட்டிக்குள் பார்த்தாள். மேஜைகளுக்கு அடியில் பார்த்தாள். பேசில் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினார். எங்கும் இல்லை. மரம் வெட்டும் போட்டி முடிந்து மாலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வந்தது. மிச்சமிருந்த தட்டுகளைப் பறித்துப் பறித்துக் கழுவி எப்படியோ சமாளித்தார்கள். நெவில்கூட இல்லாமல் க்ளெனிஸ் முழங்கைவரை நுரையோடு நின்றாள். மெர்வின் வந்து அடுக்கைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தப்பிச்சே. நாளைக்கு மதியம் இதைவிட ரெண்டு மடங்கு கூட்டம்மா. காலையில பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கச் சொல்றேன். பன்னெண்டரைக்குத் தட்டு இல்லைன்னா பிரிச்சிருவேன்."

அவர் போனதும் க்ளெனிஸ் வெடித்தாள்.

"திருட்டுப் பசங்க! பச்சைக்கோட்டுத் தட்டு ஒண்ணுகூட இல்லை. ரோஜாப்பூ எல்லாம் போச்சு. இந்த ஊருக்கா நான் முதுகு ஒடியக் கழுவினேன்?"

"மெதுவாப் பேசுடி," என்றாள் வெர்னா. "கேட்கப் போறாங்க."

"கேட்கட்டும்! யாரு எடுத்தாங்களோ அவங்க கை..."

அப்போது வேலி இடுக்கு வழியாக நெவில் வந்தான். அன்று அவனுக்கு லாரி வேலை. பிற்பகல்தான் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தான். கையில் ஒரு ரோஜாப்பூத் தட்டு. அதன் மேல் தோட்டத்துத் தக்காளி நாலு.

"கறி நல்லா இருந்துச்சு க்ளென். இந்தா உன் தட்டு."

பேசில் தொண்டையைச் செருமினார்.

"நீ அனுப்பினியாடி இதை?" என்றாள் வெர்னா.

க்ளெனிஸ் தட்டைப் பார்த்தாள். மதியம் அவளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, மேலே துணி போட்டு மூடி, வேலிக்கு மேலாக வீட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தாள். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. அவள் அம்மா அப்படித்தான் செய்வாள். மூன்று மணிக்குப் பால் கறக்கக் கிளம்பும் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கறவைக்கென்று ஒருவர் எப்போதும் வீட்டில் தங்கவேண்டியிருக்கும். விருந்துக்குப் போனவர்கள் அவருக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போகாமல் வீடு திரும்பமாட்டார்கள். தெர்மாகோல் காலத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. தட்டு போனால் போனதுதான். இந்தத் தடவை மூன்று மணிக்கு மெரின்டாவின் பீங்கானில் பாதி, துணி போர்த்திக்கொண்டு, பிக்கப் வண்டிகளின் முன் இருக்கையில் உட்கார்ந்து, பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"பால் கறக்கப் போயிருக்கு," என்றாள் க்ளெனிஸ். "தட்டெல்லாம் பால் கறக்கப் போயிருக்குடி."

முதலில் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பேசிலுக்கு. க்ளெனிஸ் நெவில் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நெவிலுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான்.

"மாட்டுக்காரன் மகள் நீ. இதை யோசிக்கலையே," என்றார் பேசில்.

"மாட்டை மறக்கணும்னுதானேப்பா இத்தனை வருஷம் பாடுபட்டேன்!"

சிரிப்பு அடங்கியதும் கவலை திரும்பி வந்தது. தட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டரைக்குள் வருமா என்பது தெரியவில்லை. வெர்னா கைப்பேசியை எடுத்தாள்.

"ஊர் ஃபேஸ்புக் பக்கத்துல போட்டுடறேன். தட்டு எடுத்தவங்க நாளைக் காலையில திருப்பிக் கொடுங்கன்னு."

"வேண்டாம்."

"ஏன்?"

"படிச்சா எப்படி இருக்கும் யோசி. எடுத்தவங்கன்னு சொன்னாலே திருடினவங்கன்னு சொன்ன மாதிரிதான். நான்தானே இப்ப அப்படிச் சொன்னேன். புருஷனுக்குச் சோறு கொண்டு போனவ முகத்தை எங்கே வச்சுக்குவா? தட்டை அனுப்பிட்டு அவ வீட்டுலயே இருந்துடுவா. வண்டியைப் பார்த்தாலே நம்ம மேல கோபம் வரும்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதே."

"ஒண்ணும் செய்யாம இருக்க உனக்கு வராதேடி."

அது உண்மை. அன்று அவள் வீட்டுக்குப் போய், ஒப்பந்தத்தை முதன்முதலாக மீறி, நெவிலின் காலைத் தட்டுகளையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். நெவில் பயந்துபோனான்.

ஞாயிறு காலையில் கொட்டகை வாசலில் தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. க்ளெனிஸ் அந்தப் பக்கமே பார்க்காமல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பிறகு மைதானத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழிப் போட்டிக்காரர்கள் கூடைகளோடு வந்தார்கள். குதிரைக்காரர்கள் வந்தார்கள். யார் கையிலும் தட்டு இல்லை.

காலைக் கறவை முடியும் நேரம் தாண்டியதும் முதல் பிக்கப் வண்டி வந்தது. டெஸ் பாரகர் இறங்கினார், நேற்றுத் தட்டைத் துடைத்த பண்ணைக்காரர். கையில் பச்சைக்கோட்டுத் தட்டு, மேலே கட்டம்போட்ட துணி. க்ளெனிஸுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

"என் பொண்டாட்டி கொடுக்கச் சொன்னா," என்று நீட்டினார். "நேத்துக் கறிக்கு நன்றியாம்."

துணியை விலக்கினாள். பழக் கேக், தட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு டெஸ் இதெல்லாம்?"

"வெறும் தட்டையா திருப்பிக் கொடுப்பாங்க?"

அடுத்து ஒரு குடும்பம், பிள்ளைக்கு ஒரு தட்டாக. ஜாம் வைத்த ஸ்கோன் ரொட்டி. அதற்கடுத்து எலுமிச்சைக் கேக் துண்டுகள், தேங்காய்த்தூளில் புரட்டிய லாமிங்டன் கேக், வினிகரில் ஊறவைத்த முட்டை, பூசணி ரொட்டி. ஒருத்தி தட்டு உடைந்துவிட்டதென்று மன்னிப்புக் கேட்டு, தன் வீட்டிலிருந்து இரண்டு தட்டு கொண்டு வந்தாள், இரண்டிலும் இஞ்சி பிஸ்கெட். நேற்றுக் கழுவிய அந்த வேலிச் சண்டைக்காரரும் வந்து, டெஸ் கொண்டு வந்தது என்ன என்று விசாரித்துவிட்டு, தன் பழக் கேக்கை அதன் பக்கத்தில், அதைவிட உயரமாகத் தெரியும்படி வைத்தார். வாசலில் வண்டிகள் நின்று வரிசை கட்டின. க்ளெனிஸ் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வாங்கினாள். அவளுக்கு எல்லாரையும் வண்டி நம்பரோடு தெரியும்.

மேஜை நிறைந்தது. இன்னொரு மேஜை போட்டார்கள். அதுவும் நிறைந்தது. பேசில் இரண்டு மேஜைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்.

"தட்டு வந்துருச்சு க்ளெனிஸ். காலியாத்தான் வரலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஊரே திரும்பக் கொடுத்த தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கேக். அடுக்கு அப்படியே காலி. கறி வாசனை வரத் தொடங்கிவிட்டது.

"எடுத்து வேறெதுலயாவது வை!" என்றாள் வெர்னாவிடம்.

"எதுல வைக்கறது?"

"தட்டுல..." என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள்.

மெர்வின் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து வருவது தெரிந்தது. க்ளெனிஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கன்றுக்குட்டிப் போட்டி நடுவர் ஒலிபெருக்கியில் பின்னங்கால்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! மதியச் சாப்பாட்டுக்கு யாரும் இப்ப நிக்காதீங்க. முதல்ல கேக்! காசு வேண்டாம், கையால எடுத்துத் தின்னுங்க. காலி பண்ணின தட்டை நீங்களே கழுவணும். சீக்கிரம் வாங்க, என் மானம் உங்க வாயிலதான் இருக்கு!"

முதலில் குழந்தைகள் ஓடிவந்தன. அவர்கள் பின்னாலேயே மரம் வெட்டுகிறவர்கள். கோழிக்காரர்கள், குதிரைக்காரர்கள், கேக் போட்டியில் தோற்றுப்போய் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண்கள், எல்லாரும் வந்தார்கள். நடுவரும் வந்தார். தோற்றவர்கள் மற்றவர்கள் கேக்கைக் கடித்துப் பார்த்து, "வெண்ணெய் கம்மி" என்று ஒருவருக்கொருவர் தீர்ப்புச் சொன்னார்கள். டெஸ் எதிராளியின் கேக்கில் ஒரு துண்டை எடுத்து, நெடுநேரம் மென்று, இன்னொரு துண்டு எடுத்தார். தொட்டிகளின் முன் நுரை பறந்தது. அடுக்கில் தட்டு ஒவ்வொன்றாக ஏறியது. நெவில் துடைக்கும் துணி பத்தாமல் வீட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினான்.

மெர்வின் வந்து சேர்ந்தபோது அவர் கையில் யாரோ ஒரு லாமிங்டனைத் திணித்துவிட்டார்கள். அவர் மீசையெல்லாம் தேங்காய்த்தூளோடு அடுக்கைப் பார்த்தார். நேற்றுக் காலையில் இருந்ததைவிட உயரமாக இருந்தது. வீட்டுத் தட்டுகளும் கலந்துவிட்டதில், எது வண்டித் தட்டு, எது ஊர்த் தட்டு என்று இனி யாராலும் பிரிக்கமுடியாது.

மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. கேக் தின்ற வயிறு யாரையும் அவசரப்படுத்தவில்லை. வரிசை வந்தது, நகர்ந்தது, தட்டுக்காக ஒரு ஆள்கூட நிற்கவில்லை. பெட்டிகள் ஒட்டிய டேப்போடு வெயிலில் கிடந்தன. இரண்டு கிழவர்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து பூசணிக்காய்ப் போட்டியில் நடந்த அநியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு ஓய்ந்த பிறகு மெர்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் தட்டைக் கழுவ வந்தார். வீட்டில் கழுவிப் பழக்கமில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அடிப்பக்கத்தை மட்டும் நன்றாகக் கழுவினார்.

"திருப்பிப் போடுப்பா," என்றாள் க்ளெனிஸ். "சோறு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

திருப்பிக் கழுவினார். அலசினார். துடைத்தார். அடுக்கில் வைத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"கமிட்டியில பேசிட்டேன். அடுத்த வருஷமும் உன் வண்டிதான். அந்தப் பெட்டிகளைக் கடைக்காரன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடச் சொல்லிட்டேன்."

க்ளெனிஸ் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "அடுத்த வருஷம் தண்ணி கொதிக்க வைக்க இன்னொரு பெரிய பாத்திரம் வேணும்," என்றாள்.

"வாங்கித் தர்றேன்." மெர்வின் இன்னும் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "க்ளெனிஸ், வீட்டுல அவளுக்கு ஒரே ஜலதோஷம். வரமுடியலை. இந்தக் கறியில கொஞ்சம்..."

அவள் ஏற்கனவே அடுக்கில் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய தட்டாகத் தேடிக்கொண்டிருந்தாள்.